வலி மாத்திரையும் வயிற்றுப் பிரட்டலும்: ஆபரேஷனுக்குப் பிறகு குமட்டலை வரவிடாமல் தடுப்பது எப்படி

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் வலி மாத்திரையை விழுங்குகிறார். முக்கால் மணி நேரத்தில் வாயில் எச்சில் ஊறுகிறது, நெற்றி சில்லென்று வியர்க்கிறது, வயிறு பிரட்டுகிறது. அடுத்த வேளை மாத்திரை வேண்டாம் என்று ஒதுக்குகிறார். சாயங்காலத்துக்குள் வலி ஏறிவிடுகிறது. தாங்க முடியாமல் வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரையாகப் போடுகிறார், இரண்டும் வாந்தியில் வந்துவிடுகின்றன. இந்தச் சுற்றில் மாட்டியவர் ஆழமாக மூச்சிழுப்பதில்லை, எழுந்து நடப்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. தேறும் நாள் தள்ளிப்போகிறது.

இந்தச் சுற்றை முதல் மாத்திரைக்கு முன்பே உடைப்பதுதான் சுலபம். வாந்தி தொடங்கிய பிறகு, வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையும் வயிற்றில் தங்காது.

இங்கே ஓபியாய்டு என்பது மார்ஃபின், ஆக்சிகோடோன், ஹைட்ரோமார்ஃபோன், ஃபென்டனில், கோடீன், டிரமடால், டேபென்டடால் போன்ற வலிமருந்துகளைக் குறிக்கும். சொல்லப்படும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர்தான் கணக்குப் போட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கெட்டவர்கள் எந்த அளவையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எப்போது குமட்டுகிறது?

எல்லாக் குமட்டலும் ஒன்றல்ல. ஓபியாய்டு மூன்று வழிகளில் வயிற்றைப் பிரட்டுகிறது. எந்த வழி என்பதை அது வரும் நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வழி ரத்தம். மூளைத்தண்டில், நான்காவது மூளை அறையின் தரையில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மூளையின் மற்ற இடங்களை ரத்தத்திலிருந்து காக்கும் தடுப்பு அங்கே இல்லை. ரத்தத்தில் நஞ்சு ஏதும் வருகிறதா என்று மோப்பம் பிடிப்பதுதான் அதன் வேலை. ஓபியாய்டு வந்தாலும் அது அதே மணியை அடிக்கிறது. மாத்திரை போட்டு 30 முதல் 90 நிமிடத்தில், மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொடும்போது குமட்டி, அப்புறம் மெல்லத் தணிந்தால் காரணம் இதுதான். அளவைக் குறைத்தால் இதுவும் குறையும்.

இரண்டாவது வழி உள்காது. நம் உடம்பின் நிலையை மூளைக்குச் சொல்லும் சமநிலை உறுப்பு அங்கே இருக்கிறது. ஓபியாய்டு அதைச் சின்ன அசைவுக்கும் கூசும்படி ஆக்கிவிடுகிறது. படுத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தலையைத் திருப்பினால், எழுந்து உட்கார்ந்தால், காரில் ஏறினால் உலகம் ஒரு கணம் பின்தங்கி வருவதுபோல் இருக்கும், உடனே உமட்டும். பஸ் பயணத்தில் வாந்தி எடுக்கும் வழக்கமுள்ளவர்கள் இதில் முன்வரிசையில் நிற்பார்கள்.

மூன்றாவது குடல். ஓபியாய்டு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குடலின் அசைவை மந்தமாக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், ஏப்பம் வரும், பிறகு குமட்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ‘இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது’ என்று நினைக்கும்போது தொடங்கும் குமட்டலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மலச்சிக்கலை. அதற்குப் போய் மேலும் மேலும் வாந்தி மாத்திரை போடுவது சாக்கடை அடைத்துக்கொண்டால் குழாயை மூடுவது மாதிரி.

ஓபியாய்டின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. மெட்ரோனிடசோல், எரித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக், இரும்புச்சத்து மாத்திரை, வெறும் வயிற்றில் போட்ட இப்யூபுரூஃபன், அடக்கப்படாத வலி எல்லாமே குமட்ட வைக்கும். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். அங்கே உடனே படுப்பதும், பிறகு தண்ணீர் குடிப்பதும்தான் மருந்து.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

1999 முதல் உலகெங்கும் மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அதில் நான்கு கேள்விகள்தான். பெண்ணா? முன்பு மயக்க மருந்துக்குப் பிறகு வாந்தி எடுத்ததுண்டா, அல்லது பயணத்தில் வாந்தி வருமா? புகைபிடிக்காதவரா? ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு தேவைப்படுமா? ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் ஒரு மதிப்பெண். ஒன்றும் இல்லாவிட்டால் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். ஒன்றுக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80. (புகைபிடிக்காதவருக்கு ஏன் அதிகம் என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், அதிகம். ஆனால் அதற்காகப் பீடி பற்றவைத்தால் நுரையீரலும் காயமும் கொடுக்கும் தொந்தரவு இதைவிடப் பெரிது.)

வயது 50-க்குக் கீழே இருந்தால் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தொல்லை தொடர வாய்ப்பு கூடும். ஆபரேஷன் முடிந்து கண்விழிக்கும் அறையிலேயே குமட்டினால் அதுவும் ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குக் கிளம்பும்போது வாந்தி மாத்திரைச் சீட்டு கையில் இருக்க வேண்டிய ஆள் நீங்கள்.

மதிப்பெண்ணை நீங்களே கூட்டி, ‘எனக்கு மூன்று வருகிறது, எத்தனை வாந்தித் தடுப்பு மருந்து கொடுப்பீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். 2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்றோ இரண்டோ காரணம் உள்ளவருக்கு இரண்டு மருந்து, அதற்கு மேல் போனால் மூன்று நான்கு என்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். ஒரு மருந்து ஆபத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கும்; இன்னொரு வகையைச் சேர்த்தால் மிச்சத்தில் கால் பங்கு குறையும். அதனால்தான் ஒரே மருந்தை இரட்டிப்பதைவிட இரண்டு மருந்தைச் சேர்ப்பது கூடுதல் பலன் தருகிறது.

வேறு சிலதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் சொல்லுங்கள், ஏனென்றால் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். எடை குறைக்கவோ சர்க்கரைக்காகவோ செமாகுளுடைடு போன்ற ஊசி போடுபவரானால் கட்டாயம் சொல்லுங்கள், அது இரைப்பை காலியாவதை ஏற்கெனவே தாமதப்படுத்திக்கொண்டிருக்கும். இதயத்துடிப்பில் கோளாறு, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (இதயம் ஒருமுறை துடித்து மறுபடி தயாராக எடுக்கும் நேரம்) நீளம், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், பார்க்கின்சன், மனச்சோர்வுக்கான மாத்திரை என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வாந்தி மருந்தையோ வலிமருந்தையோ பட்டியலிலிருந்து அடிக்கும்.

கடைசியாக, வயிறு. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, திட உணவு 6 மணி நேரம் முன்புவரை, தெளிவான நீர் 2 மணி நேரம் முன்புவரை என்பது பொதுவான விதி. முந்தைய இரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வறண்டு போவதால் பாதுகாப்பு கூடுவதில்லை, குமட்டல்தான் கூடுகிறது.

ஆபரேஷன் அறையில் நடப்பவை

நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்றாலும், என்ன கேட்கலாம் என்று தெரிந்திருப்பது நல்லது. முகமூடி வழியே வரும் வாயு மயக்க மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் குமட்டலைக் கிளப்பும். அவற்றுக்குப் பதில் புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே தொடர்ந்து செலுத்தி மயக்கத்தில் வைக்கலாம். முடிந்த இடத்தில், உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டால் ஓபியாய்டின் தேவையே குறையும்.

தடுப்பு மருந்துகளுக்கு நேரம் முக்கியம். டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மி.கி. மெதுவாக வேலை செய்யும், ஒரு நாள் அளவு நிற்கும். ஆகவே மயங்கிய கையோடு கொடுப்பார்கள். விழித்திருக்கும்போது வேகமாகச் செலுத்தினால் ஆசனவாய்ப் பக்கம் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் வரும், அதுவும் ஒரு காரணம். ஒன்டான்செட்ரான் 4 மி.கி. சீக்கிரம் பலன் தீர்ந்துபோகும் மருந்து, அதனால் ஆபரேஷன் முடியும் நேரத்தில். அதே குடும்பத்தின் பாலோனோசெட்ரான் உடம்பில் நெடுநேரம் தங்கும். அதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 40 மணி நேரம். அப்ரெபிடன்ட் 40 மி.கி. வாய்வழியாக, மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்துக்குள்.

அப்ரெபிடன்ட் விஷயத்தில் சொல்ல மறக்கும் ஒன்று: கருத்தடை மாத்திரையின் பலத்தை அது குறைக்கும், இந்தக் குறை மருந்து எடுத்த பிறகு 28 நாள்வரை நீடிக்கலாம். மயக்கத்தின் முடிவில் தசைத் தளர்வை மாற்றக் கொடுக்கும் சுகமடெக்ஸுக்கும் இதே குணம் உண்டு, அதற்கு 7 நாள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இரண்டில் எது கொடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை, எழுந்தால் பிரட்டும் ரகத்துக்குச் சரியான ஆள். ஆனால் தோல் வழியே மெதுவாக ஏறும் மருந்து என்பதால் முந்தைய இரவோ, குறைந்தது 2 முதல் 4 மணி நேரம் முன்போ ஒட்ட வேண்டும். முடியில்லாத, காய்ந்த, கீறலில்லாத தோலில் ஒட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும், பார்ப்பவர்கள் மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவார்கள். பட்டையை வெட்டக் கூடாது. வாய் வறளும், சிறுநீர் கழிக்கக் கஷ்டமாகலாம். முதியவர்களுக்குக் குழப்பம் வரும் என்பதால் அவர்களுக்கு இது நல்ல தேர்வு இல்லை.

ஓபியாய்டைக் குறைப்பதே முதல் மருந்து

வாந்தி மருந்து எத்தனை சேர்த்தாலும், போடும் ஓபியாய்டைப் பாதியாக்குவதற்கு ஈடில்லை. அதற்கு வழி, ஓபியாய்டு அல்லாத வலிமருந்தை வலி வந்த பிறகு தேடாமல் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு இதில் கறாராக இருங்கள்.

50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நன்றாக உள்ளவருக்குப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை; 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. அறுவை மருத்துவர் சரி என்றால் இப்யூபுரூஃபன் 400 மி.கி., ஏதாவது சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, கர்ப்பத்தின் பிற்பாதி, சில இதய ஆபரேஷன்கள் இருந்தால் இப்யூபுரூஃபன் கிடையாது.

ஒரு நாளை எழுதிப் பார்த்தால் இப்படி வரும். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12: பாராசிட்டமால். காலை 8, மாலை 4, இரவு 12 (பாராசிட்டமாலோடு சேர்த்து): ஒரு பிஸ்கட்டும் இப்யூபுரூஃபனும். ஓபியாய்டுக்கு இந்த அட்டவணையில் இடமே கிடையாது. இவ்வளவும் போட்ட பிறகும் வலியால் இருமவோ நடக்கவோ தூங்கவோ முடியவில்லை என்றால் மட்டும் அது நடுவில் நுழையும். வலியே இல்லாமல் இருப்பது இலக்கில்லை. இருமி, எழுந்து, நடக்க முடிகிற அளவு போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: ஓபியாய்டு மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். டிரமடாலோடு 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை சாதாரணமாகக் கிடைப்பது. அதைத் தனிப் பாராசிட்டமாலோடு சேர்த்துப் போட்டால் நமக்குத் தெரியாமலே 4 கிராமைத் தாண்டிவிடும். அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்து, இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பல ஊசிகள் 12 முதல் 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் நடு ராத்திரியில், திடீரென்று விடும். அதுவரை ‘எனக்கு வலியே இல்லை’ என்று மாத்திரையைத் தொடாமல் இருந்தவர் அப்போது அலறி எழுந்து ஓபியாய்டை அள்ளிப் போடுவார். மரத்த இடத்தில் ஊசி குத்துவதுபோல் குறுகுறுப்பு தொடங்கியதுமே, வலிக்குக் காத்திராமல், பாராசிட்டமால் போட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன்பும் ஒரு வேளை போடுங்கள்.

ஓபியாய்டு மாத்திரையை விழுங்கும் முறை

வெறும் வயிற்றில் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். மாத்திரைக்குப் பத்து இருபது நிமிடம் முன்னால் இரண்டு உப்பு பிஸ்கட்டோ, ஒரு ரொட்டித் துண்டோ, பாதி வாழைப்பழமோ போதும். எண்ணெய்ப் பலகாரமும் காரமும் ஏற்கெனவே மந்தமான இரைப்பையில் இன்னும் நேரம் தங்கும்.

மருத்துவர் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்று எழுதியிருந்தால் எப்போதும் ஒன்றில் தொடங்குங்கள். கோடு போட்ட சாதாரண மாத்திரையானால் பாதி போதுமா என்று கேட்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் கொட்டும், அதில் குமட்டல் சின்ன விஷயம், மூச்சே நிற்கலாம்.

அரைத் தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு தலையணை இரண்டை வைத்து, தலையும் மார்பும் சற்று உயர்ந்திருக்கும்படி சாய்ந்து, ஒரு மணி நேரம் தலையை ஆட்டாமல் இருங்கள். கைபேசியில் உருட்டிக்கொண்டே இருப்பதும் ஓடும் படம் பார்ப்பதும் உள்காதுக்கு ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில் கழிவறைக்கு எழுந்தாக வேண்டுமென்றால் முதலில் பக்கவாட்டில் திரும்புங்கள், கையை ஊன்றி உட்காருங்கள், காலைத் தொங்கப் போட்டு ஒரே புள்ளியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் இருங்கள், அப்புறம் எழுந்திருங்கள். இதனால்தான் மாத்திரைக்கு முன்பே கழிவறை வேலையை முடித்துக்கொள்ளச் சொல்கிறோம்.

ஆஸ்பத்திரியில் பொத்தானை அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் கொடுத்திருந்தால், எழுந்து நடக்கப் போகும் அந்தக் கணத்தில் அழுத்தாதீர்கள். ரத்தக்குழாயில் ஏறும் மார்ஃபின் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்கேற்ப முன்கூட்டி அழுத்தினால் வலி தணிந்திருக்கும். குமட்டினால் அழுத்தும் இடைவெளியை நீட்டிப் பாருங்கள், செவிலியரிடமும் சொல்லுங்கள். பொத்தானை நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும். பாசத்தால் பக்கத்தில் இருப்பவர் அழுத்திவிடுவது ஆபத்து.

மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால் உடனே இன்னொன்று போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. விழுங்கிச் சில நிமிடத்தில் முழு மாத்திரையாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தால்கூட மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டுப் போடுவதே சரி. கேட்க வழியில்லையென்றால் அடுத்த வேளைவரை பொறுங்கள், நடுவில் பாராசிட்டமால் நேரம் வந்தால் அதைப் போடலாம்.

வீட்டில் போடும் வாந்தி மாத்திரை

போன முறை ஓபியாய்டு பிரட்டியிருந்தால், இந்த முறை முதல் வேளைக்கே அரை மணி நேரம் முன்னால் வாந்தி மாத்திரையைப் போட அனுமதி கேளுங்கள். நாக்கில் கரையும் ஒன்டான்செட்ரான், 4 அல்லது 8 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சாதாரணமாக எழுதுவார்கள். காய்ந்த விரலால் எடுத்து நாக்கின்மேல் வைத்தால் நொடிகளில் கரையும். அட்டையை அழுத்திப் பிதுக்கினால் நொறுங்கிவிடும், பின்பக்கத் தாளை உரித்து எடுக்க வேண்டும்.

ஒன்டான்செட்ரானுக்கு இரண்டு குறை. ஒன்று, அதுவும் மலச்சிக்கலைத் தரும். ஓபியாய்டோடு சேரும்போது குடல் இரட்டைப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். இரண்டு, டிரமடாலோடு அது சரியாக ஒத்துப்போவதில்லை. டிரமடால் வலியைக் குறைக்கும் வழிகளில் ஒன்றான செரோடோனின் பாதையை ஒன்டான்செட்ரான் முதுகுத்தண்டில் தடுப்பதால் வலிமருந்தின் பலன் குறையலாம். வலி அடங்காமல் டிரமடாலைக் கூட்டினால் குமட்டலும் கூடும். டிரமடால் சும்மாவே ஓபியாய்டுகளில் அதிகம் பிரட்டும் ரகம். ஏற்கெனவே வாந்தி எடுத்தவருக்கு அதை முதல் தேர்வாக எழுதுவது எங்கள் பார்வையில் சரியான யோசனை இல்லை. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கும் வலிப்பு நோயாளிக்கும் வேறு காரணங்களுக்காகவும் அது ஆகாது.

எழுந்தால் பிரட்டும் ரகத்துக்கு சைக்ளிசின் போன்ற, பயணக் குமட்டலுக்குக் கொடுக்கும் மருந்துகள் நன்றாகக் கேட்கும், தூக்கம் வரும். சாப்பிட்டதும் நிறைந்துபோகும் ரகத்துக்கு இரைப்பையைத் தள்ளிவிடும் மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. பொருத்தம். ஆனால் 5 நாளுக்கு மேல் வேண்டாம், குடல் அடைப்பு சந்தேகம் இருந்தால் கூடவே கூடாது. இளவயதினருக்குச் சில சமயம் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஊசி போட்டால் சரியாகிவிடும். மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த மருந்தை அப்புறம் தொடக் கூடாது.

ஒரு மருந்து போட்டும் 6 மணி நேரத்துக்குள் குமட்டல் திரும்பினால், அதே மருந்தை மறுபடி போடுவதில் பயனில்லை. வேறு வகை வேண்டும் என்று கேளுங்கள்.

புரோமெதசின், சைக்ளிசின், ஸ்கோபோலமின் போன்ற வாந்தி மருந்துகள் எல்லாம் ஓபியாய்டின் தூக்கத்தைக் கூட்டும். இவற்றோடு தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். குறட்டை நோய்க்கு இயந்திரம் வைத்துத் தூங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பகல் தூக்கத்திலும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாத்திரை இல்லாமல்

மணிக்கட்டில் அழுத்தும் பி6 என்ற அக்குபிரஷர் புள்ளிக்குச் சோதனைகளில் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல்களைக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், நடுவில் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளம்தான் இடம். கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் உறுதியாக அழுத்துங்கள், வலிக்க வேண்டியதில்லை. குமிழ் வைத்த பட்டையும் கிடைக்கும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே மாட்டலாம். டிரிப்ஸ் ஏறும் கையில் வேண்டாம்.

ஊசிக்கு முன் தோலைத் துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் துண்டு இன்னொரு கைவைத்தியம். உறையைக் கிழித்து மூக்கிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளிப் பிடித்து, மூக்கால் ஆழமாக இழுத்து, வாயால் மெல்ல விடுங்கள். ஒரு நிமிடம்வரை செய்து, சில நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் மூன்று முறை. பலன் கொஞ்ச நேரமே நிற்கும். ஆனால் மாத்திரை வேலை செய்யும்வரை காலத்தைக் கடத்த அது போதும். இஞ்சி சிலருக்கு இதமாக இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குமட்டும்போது தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று குடியுங்கள். சமையல் வாசனை, வாசனைத் திரவியம் இரண்டையும் அறையிலிருந்து விலக்குங்கள். வாந்தி வந்தேவிட்டால் தலையணையைத் தையலின் மேல் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொள்ளுங்கள், காயம் இழுபடாது.

குடலுக்கு முதல் நாளே

உடம்பு ஓபியாய்டுக்குப் பழகும்போது குமட்டல் சில நாளில் தானாகத் தணியும். மலச்சிக்கல் பழகாது, மருந்து போடும் கடைசி நாள்வரை இருக்கும். எனவே ஓபியாய்டின் முதல் வேளையன்றே மலமிளக்கியையும் தொடங்க வேண்டும். குடலை அசைக்கும் சென்னா 8.6 மி.கி. மாத்திரை இரண்டு இரவில், அல்லது நீரை இழுத்து மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் 17 கிராம், ஒரு தம்ளர் நீரில். இரண்டும் சேர்த்தும் கொடுப்பார்கள். மலத்தை வழுக்க மட்டும் செய்யும் மாத்திரை தனியாகப் போதாது, ஏனென்றால் இங்கே குறை அசைவில். நார்ச்சத்துத் தூளை அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவரின் அசையாத குடலில் அது களிமண்ணாய் உட்கார்ந்துகொள்ளும். குடல் ஆபரேஷன் செய்தவர்கள் மட்டும் எந்த மலமிளக்கியையும் அறுவை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

எல்லாம் செய்தும் பிரட்டுகிறதா?

ஓபியாய்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு மார்ஃபின் பிரட்டும், ஆக்சிகோடோன் ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்கு நேர்மாறு. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குக் கிட்டத்தட்ட இல்லை: குமட்டல் மட்டும் மிஞ்சும், வலி குறையாது. வேறு சிலருக்கு அது மிகை வேகத்தில் ஓடும்: சாதாரண அளவே அதிகமாகிவிடும். 12 வயதுக்குக் கீழே கோடீனும் டிரமடாலும் கூடாது என்று எச்சரிக்கை இருப்பது இதனால்தான். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு தேங்கிக் குமட்டலும் மயக்கமும் நீளும், அவர்களுக்கும் மாற்று தேவை.

கீழே சொல்பவை குமட்டல் கணக்கில் சேராதவை. எழுப்பினாலும் எழாத தூக்கம், நிமிடத்துக்கு 8-10-க்குக் கீழே மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனை போன்ற கண்பாப்பா: ஓபியாய்டு மிகுந்துவிட்டது, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலோக்சோன் கையில் இருந்தால் கொடுக்க வேண்டும். ரத்தமோ காபித்தூள் நிறமோ கரும்பச்சையோ உள்ள வாந்தி, வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, நெஞ்சுவலி, கடும் தலைவலி, காய்ச்சல், தையல் பிரிவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனை. ஒரு நாள் முழுக்க ஒரு மிடறு நீரும் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது என்றாலும் அப்படியே. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியவர்களின் படுக்கையருகே கம்பி வெட்டும் கருவி எப்போதும் இருக்க வேண்டும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறைக்கு

மருத்துவமனைப் படிவத்தில் ‘ஒவ்வாமை’ என்ற கட்டத்தில் ‘மார்ஃபின், வாந்தி’ என்று எழுதாதீர்கள். வாந்தி பக்கவிளைவுதான். தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு வந்தால்தான் ஒவ்வாமை. தவறாக எழுதினால் அவசர நேரத்தில் உங்களுக்கு ஏற்ற நல்ல வலிமருந்து கைக்கு எட்டாமல் போகும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கோப்பில் வையுங்கள்: எந்த ஓபியாய்டு, எத்தனை மி.கி., போட்டு எத்தனை நிமிடத்தில் குமட்டியது, படுத்திருந்தபோதா எழுந்தபோதா, எந்த வாந்தி மருந்து கேட்டது. ‘டிரமடால் 50 மி.கி., 40 நிமிடத்தில் வாந்தி, எழுந்தபோது; சைக்ளிசின் 50 மி.கி. கேட்டது’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்த மயக்க மருத்துவர் எதைத் தவிர்ப்பது, எதில் தொடங்குவது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிடுவார்.